துடைத்துத் துடைத்தே தேய்கிற கார்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வெட்டி மிஞ்சிய துணி மூட்டை மூட்டையாகத் தமிழ்நாடு முழுக்கப் போகிறது. ‘பனியன் வேஸ்ட்’ என்று கேட்டால் சிவகிரியிலும் வாசுதேவநல்லூரிலும் கிலோக் கணக்கில் நிறுத்துக் கொடுப்பார்கள். ஒர்க்‌ஷாப்பில் கிரீஸ் துடைப்பது, அச்சகத்தில் மை துடைப்பது, காலையில் கார் துடைப்பது எல்லாம் அதில்தான். ராயகிரியில் விடிந்ததும் பல வாசல்களில் நடப்பது இதுதான்: அரை வாளித் தண்ணீர், ஒரு கைப்பிடி பனியன் வேஸ்ட், அஞ்சு நிமிஷம். வண்டி பளிச்சென்று ஆகிவிடும். வீட்டுக்காரரும் குளிக்கப் போய்விடுவார்.

பத்து மணி வெயிலில் அதே வண்டியின் பானட்டைச் சாய்வாகப் பாருங்கள். கருப்பு, கருநீலம், மெரூன் என்றால் இன்னும் நன்றாகத் தெரியும். சூரியன் விழும் இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள். வெள்ளை வண்டியில் இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருக்கும். இந்தக் கீறல்களைப் போட்டது மேடு பள்ளமான ரோடோ, உரசிப்போன மாட்டு வண்டியோ இல்லை. தினமும் பாசமாகத் துடைத்த கைதான்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகும் வழியை ஒட்டிய இந்த வட்டாரத்தில் காருக்கு எதிரிகள் நிறைய. வெயில் உண்டு, சாரல் உண்டு, ஆடிக்காற்று உண்டு, கல்குவாரித் தூசி உண்டு, மயிலும் உண்டு. ஆனாலும் காரின் மேல்பூச்சை அதிகம் தேய்ப்பவர் காரின் சொந்தக்காரர். வாரத்துக்கு ஒருமுறை ஒழுங்காகக் கழுவி, சில மாதத்துக்கு ஒருமுறை மெழுகு பூசி, மற்ற நாட்களில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாலே வண்டி பத்து வருஷம் பளபளப்பாக நிற்கும். கையைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான் நம்மால் முடிவதில்லை.

முடி கனம்கூட இல்லாத பூச்சு

பழைய அம்பாசடர், பிரீமியர் பத்மினி வண்டிகளில் நிறமும் மினுமினுப்பும் ஒரே பூச்சில் இருந்தன. வெயிலில் வெளுத்தால் ரப்பிங் காம்பவுண்டு வைத்துக் கை வலிக்கத் தேய்ப்பார்கள். துணியில் வண்டியின் நிறமே ஒட்டிக்கொண்டு வரும். மேல்தோல் போய் அடியிலிருந்து புது நிறம் எட்டிப்பார்க்கும். பூச்சு கனமாக இருந்ததால் அது தாங்கியது. ‘தேய்க்கத் தேய்க்கத்தான் மினுங்கும்’ என்ற நம்பிக்கை அந்தக் காலத்திலிருந்து வந்தது.

இன்றைய கார் வேறு. தகரத்தின் மேல் துரு ஏறாமலிருக்க மின்சாரம் பாய்ச்சி ஏற்றிய ஒரு பூச்சு, அதன் மேல் பிரைமர், பிறகு நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். நாலும் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான் வரும். அதில் கிளியர் கோட்டின் பங்கு 35 முதல் 50 மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் கனம் ஏறக்குறைய 70 மைக்ரான் என்பதை நினைத்துக்கொண்டால் கணக்கு புரியும். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ரசாயனமும் இந்த மெல்லிய தோலில்தான் கலந்திருக்கிறது.

காம்பவுண்டு வைத்து மெஷின் ஓட்டும் ஒவ்வொரு தடவையும் இதில் ஒன்றிரண்டு மைக்ரான் போகும்; கை அழுத்தமான ஆள் என்றால் நாலைந்துகூடப் போகும். வருஷத்துக்கு இரண்டு முறை ‘ரப்பிங் பாலிஷ்’ போடும் வண்டிக்கு ஐந்தாறு வருஷத்தில் என்ன மிஞ்சும்? டாப்பிலும் பானட்டிலும் வெள்ளைத் திட்டாக உரிந்து நிற்கும் கார்களைத் தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கம் பார்த்திருப்பீர்கள். வெயிலோடு பாலிஷும் சேர்ந்தால் அந்த நிலை சீக்கிரமே வரும். அதன்பிறகு எந்த டப்பாவும் உதவாது. அந்தப் பகுதியை முழுக்கச் சுரண்டிப் புதிதாகப் பெயின்ட் அடிக்க வேண்டியதுதான்.

மலையடிவாரத் தூசி

தூசியில் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். இருக்கிறது. இங்கே வண்டியில் படிவதில் பெரும்பங்கு பாறைத் தூசி. எம் சாண்டும் ஜல்லியும் ஏற்றிய லாரிகள் தென்காசி, செங்கோட்டை வழியாகப் புளியரைச் சோதனைச் சாவடியைத் தாண்டிக் கேரளம் போவதும், அதைப் பற்றிய புகார்களும் இந்த மாவட்டத்துக்குப் பழகிப்போனவை. தார்ப்பாய் சரியாக மூடாத லாரிக்குப் பின்னால் ஐந்து கிலோமீட்டர் போனால் போதும், வைப்பர் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு பொடி சேர்ந்திருக்கும். கருங்கல்லில் இருக்கும் குவார்ட்ஸ், மோஸ் கடினத்தன்மை அளவில் 7. சாதாரணக் கத்தியின் எஃகு ஏறக்குறைய ஐந்தரை. அதாவது கத்தியையே கீறக்கூடிய பொருளை வைத்து முடி கனம்கூட இல்லாத பூச்சைத் தேய்க்கிறோம். அரை வாளித் தண்ணீர் அந்தப் பொடியை வெளியேற்றாது. துணியில் ஏற்றிக் கொடுக்கும், அவ்வளவுதான்.

இதனால்தான் காய்ந்த துணியால் துடைப்பதைவிடத் தூசியோடு விட்டுவிடுவது மேல் என்கிறேன். தூசி சும்மா உட்கார்ந்திருந்தால் ஒன்றும் செய்யாது. விசேஷத்துக்குக் கிளம்பும்போது வண்டி மங்கலாக இருந்தால் மானம் போகிறது என்பது உண்மைதான். அதற்குக் குழாயைத் திறந்து தண்ணீரை மட்டும் ஓடவிட்டு, கண்ணாடிகளை மட்டும் துடைத்துக்கொண்டு புறப்படலாம்.

இதே கணக்கில் இன்னொன்று: கார் கவர். ஆனி, ஆடியில் காற்று விசிறி அடிக்கிற நாட்களில் கவர் போட்ட கார், கவர் போடாத காரைவிட மோசமாகும். துணிக்கும் பெயின்ட்டுக்கும் இடையே மண் புகுந்துவிடும். காற்று கவரைப் படபடவென்று ஆட்ட ஆட்ட, ராத்திரி முழுக்க உப்புத்தாள் போட்ட மாதிரி ஆகிவிடும். கவர் ஷெட்டுக்குள் நிற்கும் வண்டிக்கு. அதுவும் கழுவித் துடைத்த வண்டிக்கு.

இரண்டு வாளி

கழுவுவதற்குக் காலை வெயில் ஏறுமுன், அல்லது சாயங்காலம் பானட் ஆறிய பின் நேரம் பாருங்கள். சித்திரை வெயிலில் நின்ற பானட்டில் கை வைக்க முடியாது; அந்தச் சூட்டில் ஷாம்பு ஊற்றினால் கழுவி முடிக்குமுன் காய்ந்து கறையாகும்.

முதலில் துணியே வேண்டாம். டாப்பிலிருந்து கீழே தண்ணீர் மட்டும். வீல் மேல் உள்ள வளைவு, கதவுக்கு அடியில் ஓடும் பட்டை, நம்பர் பிளேட்டின் ஓரம் ஆகியவற்றில் மண் கட்டியாக ஒட்டியிருக்கும். அதை ஊறவிட்டுத் தண்ணீர் வேகத்திலேயே உதிர்க்க வேண்டும். பிறகு இரண்டு வாளி. ஒன்றில் கார் ஷாம்பு கலந்த தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். கையுறை மாதிரி மாட்டிக்கொள்ளும் மைக்ரோஃபைபர் மிட் கடைகளில் கிடைக்கிறது. அதை ஷாம்பு வாளியில் தோய்த்து ஒரு கதவைத் தேய்த்ததும், அடுத்த கதவுக்குப் போகுமுன் வெறும் தண்ணீர் வாளியில் அலச வேண்டும். பாதி வண்டி முடிந்ததும் அந்த வாளியின் அடியைத் தடவிப் பாருங்கள். விரலில் நறநறவென்று மணல் தட்டுப்படும். ஒரே வாளி வைத்திருந்தால் அத்தனையும் திரும்ப வண்டிமேல்தான் போயிருக்கும்.

தேய்ப்பது மேலிருந்து கீழாக. வட்டமாகச் சுற்றாமல் நீள வாக்கில். அழுத்தவே கூடாது. கதவின் கீழ்ப்பாதி கடைசியில். வீலுக்கும் டயருக்கும் தனித் துணி. பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத்தூள் அங்கேதான் இருக்கிறது. தரையில் விழுந்த துணிக்கு அன்றைக்கு லீவு.

பாத்திரம் தேய்க்கும் லிக்விட், துணி துவைக்கும் தூள் இரண்டும் அழுக்கை எடுக்கும். எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதற்கென்றே செய்தவை என்பதால் போன மாதம் பூசிய மெழுகையும் சேர்த்து எடுத்துவிடும். கார் ஷாம்பு ஒரு பாட்டில் வாங்கினால் ஒரு வாளிக்கு ஒன்றிரண்டு மூடி போதும், மாதக்கணக்கில் வரும். இதில் மிச்சம் பிடிக்கத் தேவையில்லை.

துவட்டுவதற்குப் பெரிய மைக்ரோஃபைபர் டவல். பானட்டில் விரித்துப் போட்டு இரண்டு முனையையும் பிடித்து மெல்ல இழுத்தால் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். பழைய வேட்டித் துண்டு மென்மையாகத்தான் இருக்கும். ஆனால் மண் துகளை உள்ளே வாங்காமல் மேலேயே வைத்துக்கொண்டு இழுக்கும். மைக்ரோஃபைபரின் இழை அதை உள்ளே அடக்கிக்கொள்ளும். துவைக்கும்போது அதைத் தனியாகத் துவையுங்கள், வாசனைக் கண்டிஷனர் ஊற்றாதீர்கள். இழை அடைத்துப்போய்ச் சாதாரணத் துணியாகிவிடும்.

‘வாட்டர் சர்வீஸ்’ விடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரஷர் தண்ணீர் அடிப்பதில் தவறில்லை. நாசிலைப் பெயின்ட்டுக்கு ஒரு முழம் தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள். எல்லாம் முடிந்து வண்டிக்கு அடியில் டீசலோ பழைய ஆயிலோ ஸ்ப்ரே அடிக்கும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. அது ரப்பர் புஷ்களை ஊதவைக்கும், தூசியை ஈர்க்கும், ஓடையில் கலக்கும்.

உப்புத் தண்ணீரும் புளியங்குடி எலுமிச்சையும்

குளியலறைக் குழாயின் வாயில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா? அப்படியென்றால் உங்கள் போர் தண்ணீர் காருக்கும் அதையே செய்யும். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும், துளி காய்ந்ததும் வெள்ளை வளையமாகத் தங்கிவிடும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் கடினத்தன்மைக்கு ஏற்கத்தக்க அளவாக லிட்டருக்கு 200 மில்லிகிராம் வைத்திருக்கிறது. வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 600 வரை விட்டுக்கொடுக்கிறது. 600 உள்ள தண்ணீரைக் குடித்துவிடலாம். கருப்புக் காரைக் கழுவி வெயிலில் காயவிட முடியாது.

வழி எளிது. போர் தண்ணீரிலேயே கழுவுங்கள், கடைசி ஒரு வாளி மட்டும் மழைத்தண்ணீராக இருக்கட்டும். 2003-இல் தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது வைத்த குழாய் பல மொட்டைமாடிகளில் இன்னும் இருக்கிறது. அதன் வாயில் ஒரு டிரம்மை வைத்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பிவிடும். முதல் மழைத்தண்ணீர் மாடித் தூசியோடு வரும், அதை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடிக்க வேண்டும். கொசு புகாமல் மூடியும் வைக்க வேண்டும். மழைநீரில் உப்பு கிட்டத்தட்ட இல்லை, வளையமும் விழாது.

ஏற்கெனவே விழுந்த வளையத்துக்கு என்ன செய்வது? பக்கத்திலேயே மருந்து இருக்கிறது. எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடி இங்கிருந்து கூப்பிடு தூரம். எலுமிச்சையின் சிட்ரிக் அமிலம் கால்சியப் படிவைக் கரைத்துவிடும். ஒரு டம்ளர் தண்ணீரில் அரை மூடி பிழிந்து, வடிகட்டி, கண்ணாடியில் துணியால் ஒற்றி ஒரு நிமிஷம் விட்டுக் கழுவினால் முன்கண்ணாடியின் வெள்ளைப் புள்ளிகள் பெரும்பாலும் போய்விடும். பெயின்ட்டில் அப்படி அலட்சியமாகச் செய்யக்கூடாது. நிழலில், இன்னும் நிறையத் தண்ணீர் கலந்து, ஒரு ஓரத்தில் பரிசோதித்துவிட்டு, ஒற்றிய உடனே அலசிவிட வேண்டும். அமிலம் பெயின்ட்டில் காய்ந்தால் அதுவே ஒரு கறை. அந்த இடத்துக்கு மறுபடி மெழுகு பூசவும் வேண்டும். கை வைத்தால் பள்ளமாகத் தெரிகிற வளையம் என்றால் அது படிவு இல்லை, பெயின்ட்டையே அரித்துவிட்டது, எலுமிச்சையால் ஆகாது.

எந்த மரத்தடியில்?

நிழல் கிடைத்தால் போதும் என்று மரத்தடியில் நிறுத்துகிறோம். எல்லா மரமும் ஒன்றல்ல. பூப்பூக்கும் காலத்து மாமரம் மோசம்: அதில் அடையும் தத்துப்பூச்சி இனிப்பான பிசினைச் சொட்டவிடும், அதன்மேல் கரும்பூசணம் பிடிக்கும். காலையில் வண்டி முழுக்கப் பொட்டுப் பொட்டாகப் பிசுபிசுக்கும். புளியமரமும் ஆலமரமும் பறவைகளின் வீடு. வேம்பு பரவாயில்லை, பழம் உதிரும் ஆனி, ஆடி தவிர.

பறவை எச்சத்தை மட்டும் தள்ளிப்போடக்கூடாது. அதில் யூரிக் அமிலம் இருக்கிறது. கெடுதலை முடுக்கிவிடுவது வெயில். சூட்டில் கிளியர் கோட் இளகி விரியும், சாயங்காலம் இறுகும். இறுகும்போது எச்சத்தின் வடிவத்தை அப்படியே பிடித்துக்கொள்ளும். காலையில் விழுந்ததை மதியத்துக்குள் எடுத்தால் தடம் இருக்காது, இரண்டு நாள் விட்டால் நிரந்தரம். சுரண்டாமல், ஈரத் துணியை மேலே போட்டுப் பத்து நிமிஷம் ஊறவிட்டு எடுங்கள். மழைக்காலத்து ராத்திரியில் ராஜபாளையம் போய் வந்தால் முன்பம்பரில் ஈசல் அப்பிக்கிடக்குமே, அதற்கும் இதே வைத்தியம். கதவோரத் தார்ப் புள்ளிக்குத் தேங்காயெண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் விட்டால் இளகி வந்துவிடும். பிறகு ஷாம்பு போட்டு எண்ணெயை எடுத்துவிட வேண்டும்.

இனி மயில். அடிவாரத் தோட்டங்களில் மயில் பெருகிக்கிடக்கிறது. இனச்சேர்க்கைக் காலத்தில் ஆண் மயில், நன்றாகப் பளபளக்கும் கதவில் தன் உருவத்தைப் பார்த்து எதிரி மயில் என்று நினைத்துக்கொண்டு கொத்தும், காலால் உதைக்கும். அழுக்குக் காருக்கு இந்தத் தொல்லை குறைவு. வருந்தி வருந்தி மெருகேற்றிய காருக்குத்தான் அதிகம். முருகனின் வாகனம் நம் வாகனத்தைக் கொத்துகிறது என்று சிரித்துக்கொள்ள வேண்டியதுதான். 1963-இல் தேசியப் பறவையான மயில், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. விரட்டலாமே தவிரக் கைவைக்க முடியாது. கார் கவருக்கு உண்மையான தேவை ஒன்று இருக்கிறது என்றால் தோட்டத்து வீட்டில், காற்றில்லாத மாதங்களில், இதுதான். பக்கக் கண்ணாடிகளை மடக்கி வைத்தால் சின்னக் குருவிகளின் சண்டையும் மிச்சம்.

பாலிஷ் வேறு, மெழுகு வேறு

“ஒரு பாலிஷ் போட்டா புதுசு மாதிரி ஆயிரும் அண்ணாச்சி” என்று கடையில் சொல்லும்போது எதைச் சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பாலிஷ் என்பது நுண்ணிய உராய்பொருள். கீறலைச் சுற்றியுள்ள பூச்சைத் தேய்த்துச் சமன் செய்கிறது. எடுக்கும் வேலை. வேக்ஸ் எனும் மெழுகு மேலே ஒரு படலம் போடுகிறது. சேர்க்கும் வேலை. முதலாவது சில வருஷத்துக்கு ஒருமுறை, அதுவும் தேவைப்பட்டால். இரண்டாவது இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாராளமாக.

நல்ல கார் மெழுகில் சேரும் கர்னாபா, பிரேசிலின் வடகிழக்கில் வறண்ட பூமியில் வளரும் ஒரு பனையிலிருந்து கிடைக்கிறது. கொளுத்தும் வெயிலில் ஓலையின் ஈரம் பறிபோகாமலிருக்க அந்த மரம் ஓலைமேல் மெழுகைச் சுரக்கிறது. ஓலையை வெட்டி, காயவைத்து, தட்டி உதிர்த்து, உருக்கிக் கட்டியாக்குகிறார்கள். 80 டிகிரிக்கு மேல் போனால்தான் உருகும் என்பதால் நம் ஊர்ப் பானட் சூட்டையும் தாங்கும். பனங்காட்டுக்காரர்களான நமக்கு அந்தக் கெட்டித்தனத்தை விளக்க வேண்டியதில்லை.

மெழுகை விற்றவர்களும் கெட்டிக்காரர்கள். 1940-களில் சிகாகோவில் பெஞ்சமின் ஹிர்ஷ் என்பவர் வீட்டுக் குளியல் தொட்டியிலேயே கார் பாலிஷ் கலக்கினார். ரிக்லி ஃபீல்டு பேஸ்பால் மைதானத்துக்கு வெளியே நிற்கும் கார்களில் ஒரு பக்க மட்கார்டை மட்டும் மினுக்கிவிட்டுக் காத்திருப்பாராம். ஆட்டம் முடிந்து வரும் சொந்தக்காரர் மினுங்கும் பக்கத்தையும் மங்கிய பக்கத்தையும் பார்த்துவிட்டு பாட்டில் வாங்காமல் எப்படிப் போவார்? அதுதான் பின்னாளில் டர்டில் வாக்ஸ்.

வீட்டில் பூசும் முறை: கழுவித் துவட்டிய வண்டி, நிழல். ஸ்பாஞ்சில் ஒரு பொட்டு மெழுகு எடுத்து இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிசாகப் பரப்ப வேண்டும். மங்கலாகக் காய்ந்ததும் சுத்தமான மைக்ரோஃபைபரால் எடுத்துவிட வேண்டும். கனமாகப் பூசினால் காசுதான் வீண், எடுப்பதும் கஷ்டம். கருப்பு பிளாஸ்டிக் பாகங்களில் படவிடாதீர்கள். வெள்ளையாகப் படிந்து உயிரை வாங்கும். தண்ணீர் முத்து முத்தாக உருளும் வரை மெழுகு இருக்கிறது. பாய்போல விரிந்தால் தீர்ந்தது.

கழுவிய பிறகும் விரலுக்குச் சொரசொரப்பாக இருந்தால் களிமண் கட்டி வேண்டும். ‘கிளே பார்’ என்று விற்கிறார்கள். ஷாம்புத் தண்ணீர் தெளித்து வழுக்கவிட்டு மெல்ல ஓட்டினால் ஒட்டிக்கொண்ட இரும்புத்தூளையும் பெயின்ட் துளியையும் பிடுங்கிவிடும். வருஷத்துக்கு ஒருமுறை போதும்.

டெஃப்லான் கோட்டிங் என்ற பேரில் விற்பதை நான் நம்புவதில்லை. டெஃப்லான் உருகுவதே 327 டிகிரியில்; தோசைக்கல்லில் அதை அந்தச் சூட்டில் வைத்து ஒட்டவைக்கிறார்கள். காரை அந்தச் சூட்டில் வைக்க முடியாது. டப்பாவில் இருப்பது பெரும்பாலும் சாதாரண மெழுகோ சீலன்டோதான், பேருக்குக் கொஞ்சம் தூள். செராமிக் கோட்டிங் அப்படியல்ல, அது சிலிக்காவை அடிப்படையாகக் கொண்டு பெயின்ட்டோடு பிணையும் உண்மையான பூச்சு. வெயிலிலும் ஷாம்புவிலும் மெழுகைவிட நீண்ட நாள் நிற்கும். ஆனால் ‘9ஹெச் கடினம்’ என்று சொல்வதைக் கேட்டுக் கல் பட்டாலும் ஒன்றுமாகாது என்று நினைக்கக் கூடாது. 9ஹெச் என்பது பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. ஜல்லி லாரியிலிருந்து தெறிக்கும் கல்லை அது தடுக்காது. அதற்கு 150 மைக்ரான், அதற்கும் மேல் கனமுள்ள பிபிஎஃப் எனும் ஒட்டுப் பாதுகாப்புப் படலம்தான் வழி, அது வசதி உள்ளவர்களின் சமாச்சாரம். போர் தண்ணீர்க் கறையும் செராமிக் வண்டியில் விழும். முத்துமுத்தாக நின்று காய்வதால் வளையம் இன்னும் தெளிவாகவே விழும். அதோடு, செராமிக் போடுமுன் கீறல் போகப் பாலிஷ் மெஷின் ஓட்டுவார்கள். புது வண்டிக்கு அது எவ்வளவு தேவை என்று நேராகக் கேட்டுவிட வேண்டும்.

மஞ்சளடித்த ஹெட்லைட்டுக்குப் பற்பசை தேய்க்கும் வீடியோவை எல்லாரும் பார்த்திருப்போம். பற்பசையில் உராய்பொருள் இருப்பதால் மங்கல் போவது உண்மை. ஹெட்லைட்டின் பாலிகார்பனேட்டுக்கு மேலே கம்பெனி போட்ட வெயில் தடுப்புப் பூச்சும் அதோடு போகிறது. அதன்மேல் மறுபடி பாதுகாப்புப் பூச்சு எதுவும் போடாவிட்டால் சில மாதத்தில் முன்பைவிட மஞ்சளாகும்.

பொட்டு எங்கே வைப்பது?

புது வண்டி வாங்கினால் பண்பொழி திருமலைக்கோ சங்கரன்கோவிலுக்கோ கொண்டுபோய்ப் பூஜை போடுவது நம் பக்கத்து வழக்கம். ஆயுத பூஜையன்று எல்லா வண்டிக்கும் சந்தனம், குங்குமம், மாலை, டயருக்கு எலுமிச்சை. மறுநாள் காலையில் பானட் நடுவில் குழைத்த சந்தனம் காய்ந்து வெடித்திருக்கும்; சுற்றிலும் குங்குமச் சிவப்பு இறங்கியிருக்கும். மஞ்சளின் நிறம் வெயிலில் தானாக வெளுத்துவிடும், கவலையில்லை. சாயம் கலந்த கடைக் குங்குமம் அப்படிப் போகாது. பனியோ தூறலோ பட்டால் சாயம் கரைந்து வெள்ளை வண்டியில் இளஞ்சிவப்பாக ஊறிவிடும். மெழுகு பூசிய வண்டி என்றால் கழுவினால் போய்விடும், பூசாத வண்டியில் மாதக்கணக்கில் நிற்கும். பூஜைக்கு முந்தின நாளே மெழுகு பூசிவிடுங்கள். பொட்டைக் கண்ணாடியிலும் நம்பர் பிளேட் ஓரத்திலும் வைத்தால் சாமி கோபித்துக்கொள்ளாது. மாலையைக் கட்டுக்கம்பியால் கட்டாமல் நூலால் கட்டச் சொல்லுங்கள். கிரில்லில் கம்பி போட்ட கோடு பாலிஷுக்கும் மசியாது.

தண்ணீர்க் கணக்கு

குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால் நிமிஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் போகும். கால் மணி நேரத்தில் நூற்றைம்பதுக்கு மேல். இரண்டு வாளி முறையில், முதலும் கடைசியும் அலசுவதையும் சேர்த்து அறுபது லிட்டருக்குள் முடித்துவிடலாம். 2024 மார்ச்சில் பெங்களூரில் குடிநீரால் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. இங்கே அந்த நிலை இன்னும் வரவில்லை.

ஆனால் குற்றாலம் போய்த் திரும்பும்போது ஆற்றோரத்தில் வண்டியை இறக்கிக் கழுவும் ஆசை பலருக்கு வருகிறது. அருவிகளில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் பயன்படுத்த உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்தது குளிப்பவர்களுக்கு மட்டும் என்று நினைத்துக்கொள்கிறோம் போலும். சிற்றாற்றில் விடும் ஷாம்பும் கிரீஸும் தாமிரபரணிக்குத்தான் போய்ச் சேரும். வீட்டில் கழுவும்போதும் தண்ணீர் வாய்க்காலுக்கோ குளத்துக்கோ ஓடாமல் மண் தரையில், தென்னை மூட்டில் இறங்கும்படி வண்டியை நிறுத்தினால் நல்லது.

இதற்கெல்லாம் இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்பவர்கள் வண்டியை விற்கும் நாளை நினைத்துக்கொள்ளலாம். பழைய கார் வாங்க வருபவர்கள் கையில் இப்போது சிறிய பெயின்ட் மீட்டர் இருக்கிறது. தகரத்தில் வைத்தால் மொத்தப் பூச்சின் கனத்தை மைக்ரானில் காட்டும். எல்லாப் பக்கமும் 110, 120 என்று ஒரே சீராக வந்தால் கம்பெனிப் பெயின்ட். ஒரு கதவில் மட்டும் 250-க்கு மேல் போனால் மறுபடி அடித்தது; அதற்கும் வெகு மேலே போனால் உள்ளே பட்டி இருக்கிறது. சுற்றிலும் 115 காட்டும் வண்டியில் பானட்டும் டாப்பும் மட்டும் 85, 80 என்று இறங்கினால் விவரம் தெரிந்த வியாபாரி உதட்டைப் பிதுக்குவார். பளபளவென்று இருக்கிறதே என்று நீங்கள் சொன்னால், அதனால்தான் அண்ணாச்சி குறைத்துக் கேட்கிறேன் என்பார்.